திக்கற்ற பிள்ளையும் அவன் வீட்டு விதவையும்

வேதபாடம்

தியானப் பகுதி: யாக்கோபு 1:27, யாத்திராகமம் 2:1-10, 2 இராஜாக்கள் 4:1-7, லூக்கா 7:11-17



2024-ம் வருஷம் ஜூன் மாதம் நம் சபையிலிருந்து ஐந்து பேர் உகாண்டா தேசத்துக்குப் போனோம். அங்கே ஒரு பிள்ளைகள் இல்லத்தில் 19 நாள் தங்கி ஊழியம் செய்துவிட்டு வந்தோம். நீங்கள் எங்களுக்காக உபவாசித்தீர்கள், காணிக்கை கொடுத்தீர்கள். திரும்பி வந்த ஞாயிறு ஆராதனையில் படங்களைக் காட்டி நான் சாட்சி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சாட்சியில் ஒரு காரியத்தை நான் உள்ளபடி சொல்லவில்லை. ஆவியானவர் அதைக் குறித்து என்னை விடவே இல்லை. அதைச் சரிசெய்யத்தான் இந்த மாதப் பாடத்தை எழுதுகிறேன். பொறுமையோடு முழுவதும் வாசியுங்கள்.

1. ஒரு நாள் எப்படிப் போனது

இல்லம் இருந்தது முக்கோனோ பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தலைநகர் கம்பாலாவிலிருந்து ஜிஞ்சாவுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது முக்கோனோ. எங்கே பார்த்தாலும் செம்மண், வாழைத் தோப்பு. பார்த்தவுடனே எனக்கு நம்ம தேரிக்காட்டு மண்தான் ஞாபகம் வந்தது. இல்லத்தில் பிள்ளைகள் 38 பேர். அவர்களைக் கவனிக்க ஒரு மேட்ரன் அம்மாவும், 'ஆன்ட்டி' என்று பிள்ளைகள் கூப்பிடுகிற நான்கு பெண்களும் இருந்தார்கள்.

அந்த ஊர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடியும், ஏழு மணிக்கே இருட்டும். அங்கே பேசுகிற லுகாண்டா பாஷையில் மணி எண்ணுவதே விடியலிலிருந்துதான். நம்முடைய காலை ஏழு மணி அவர்களுக்கு 'சாவா எமு', அதாவது ஒன்றாம் மணி. பிற்பகல் மூன்று மணி ஒன்பதாம் மணி. எனக்கு ஒரே ஆச்சரியம். பேதுருவும் யோவானும் ஜெபத்துக்குப் போன ஒன்பதாம் மணி (அப். 3:1) நம்ம மூன்று மணி என்று வேதாகமக் கல்லூரியில் மனப்பாடம் பண்ணித்தான் நான் படித்தேன். அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை!

விடியுமுன்னே பிள்ளைகள் எழுந்து ஜெபம் பண்ணுவார்கள். பிறகு பெரிய பிள்ளைகள் இருபது லிட்டர் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போவார்கள். சின்னவர்கள் குச்சித் துடைப்பத்தால் முற்றம் பெருக்குவார்கள். காலையில் மக்காச்சோள மாவுக் கஞ்சி. மத்தியானமும் ராத்திரியும் 'போஷோ', அதே மாவைக் களியாகக் கிண்டியது, கூடவே அவரைக்கொட்டைக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை 'மத்தோக்கே', வாழைக்காயை இலையில் பொதிந்து வேகவைத்து மசித்தது. ரோட்டோரக் கடையில் "ரோலெக்ஸ் வேணுமா?" என்று கேட்டார்கள். நான் கைக்கடிகாரம் என்று நினைத்துவிட்டேன்! முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தருவதுதான் ரோலெக்ஸ். சப்பாத்தி அந்தப் பக்கம் போனது நம் தேசத்து ஜனங்களால். 1972-ல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னபோது அவர்கள் போய்விட்டார்கள், சப்பாத்தி அங்கேயே தங்கிவிட்டது.

வேலை செய்துகொண்டிருக்கிறவரைத் தாண்டிப் போனால் 'ஜெபலேகோ' என்று சொல்வார்கள். ஏதோ ஜெபத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். நீ வேலை செய்கிறாயே, உனக்கு நன்றி என்பது அதன் கருத்தாம். பாத்திரம் கழுவுகிறவளுக்கும் துணி துவைக்கிறவளுக்கும் வழிப்போக்கன் நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். நம்ம வீடுகளில் அடுப்படியில் நிற்கிற சகோதரிக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்கிறோமா?

2. பாதங்களின் ஊழியம்

நான் பிரசங்கக் குறிப்புகளோடு போயிருந்தேன். ஆனால் மேட்ரன் அம்மா முதல் நாளே என் கையில் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கொடுத்தார்கள். காரணம் 'ஜிக்கர்' என்கிற தெள்ளுப்பூச்சி. மழை இல்லாத காலத்தில் புழுதியில் பெருகும். பெண் பூச்சி கால்விரல் தோலுக்குள் புகுந்து, முட்டை வைத்துப் பட்டாணி அளவுக்கு வீங்கும். வெறுங்காலில் நடக்கிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம். சிலரால் நடக்கவே முடியாது.

எங்களோடு வந்த நர்ஸ் சகோதரி ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி, புது கையுறை எடுத்துத்தான் பூச்சியை நீக்கினார்கள். ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டால் வேறு வியாதி பரவிவிடும். நான் சோப்புத் தண்ணீரில் கால் கழுவித் துடைக்கிற ஆள். யோவான் 13-ம் அதிகாரத்தை எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். குனிந்து, புண்ணான விரல்களுக்கு நடுவே துடைத்தபோதுதான் அது எவ்வளவு நேரம் பிடிக்கிற ஊழியம் என்று தெரிந்தது. பன்னிரண்டு பேருக்கு ஆண்டவர் கழுவினார். பதினைந்தாவது பிள்ளை வருவதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் தம்பி அந்த ஊர் ஒயர்மேன் ஒருவரோடு சேர்ந்து படுக்கை அறைகளின் பழைய வயரிங்கை மாற்றினார். அது பிரயோஜனமான வேலை. இன்றைக்கும் அங்கே விளக்கு எரிகிறது.

ஆனால் ஒரு காரியத்தைக் கவனித்தேன். ஐந்து பேருக்குக் குடிதண்ணீர் கொதிக்க வைக்கவும், நமக்கு ஒத்துப்போகிற மாதிரி சமைக்கவும் இரண்டு ஆன்ட்டிகளை ஒதுக்கிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டுகிறவர்கள் அவர்கள்தான். நாங்கள் போனதால் காலை நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஆன்ட்டி இல்லை. நாங்கள் 'தொண்டு' செய்ய, அவர்கள் எங்களுக்குத் தொண்டு செய்தார்கள்.

3. வாசலில் முழங்கால் போட்ட பாட்டி

நான் உங்களுக்குக் காட்டிய படத்தில் என் மடியில் ஒரு சின்ன மகன் இருந்தானே, ஆறு வயசு. முதல் நாள் வண்டியிலிருந்து இறங்கினவுடனேயே ஓடிவந்து என் சுண்டு விரலைப் பிடித்தான். அப்புறம் விடவே இல்லை. 'டாடா' என்று கூப்பிட்டான். அங்கே 'டாட்டா' என்றால் அப்பா. என் மனம் உருகிப்போயிற்று. இந்தப் பிள்ளைக்காகவே கர்த்தர் என்னை இங்கே அனுப்பினார் என்று டைரியில் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. கேட்டுக்கு வெளியே ஒரு வயதான அம்மா தலையில் ஒரு பலாப்பழத்தோடு நின்றார்கள். என் தாயைவிட மூத்தவர்கள். என்னைப் பார்த்ததும் பழத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தச் செம்மண்ணில் முழங்கால் போட்டு வணக்கம் சொன்னார்கள். அந்த ஜனங்களில் பெண்கள் மரியாதைக்கு அப்படிச் செய்வது வழக்கம். எனக்குக் கூசிப்போயிற்று. "எழுந்திருங்கம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அப்போது அந்தச் சின்ன மகன் என் விரலை விட்டுவிட்டு "ஜாஜா!" என்று ஓடினான். ஜாஜா என்றால் பாட்டி.

"இவனுக்குப் பாட்டி இருக்காங்களா?" என்று மேட்ரன் அம்மாவிடம் கேட்டேன்.

"பாட்டி மட்டுமில்ல பாஸ்டர், அம்மாவும் இருக்கா. கம்பாலாவுல ஒரு வீட்டுல வேலை செய்றா. அப்பாதான் இறந்துட்டார்."

"அப்புறம் ஏன் இங்க விட்டாங்க?"

"யூனிஃபார்ம், நோட்டு, ஸ்கூல்ல மத்தியானச் சாப்பாட்டுக் காசு. பாட்டியால முடியல. இங்க சேத்தா எல்லாம் கிடைக்கும்னு கேள்விப்பட்டாங்க."

உகாண்டாவில் 1997 முதல் ஆரம்பப் பள்ளிப் படிப்பு இலவசம் என்று அரசாங்கத் திட்டம் இருக்கிறது. ஆனால் சீருடை, புத்தகம், சாப்பாடு என்று செலவு நிற்பதில்லை. நான் பதிவேட்டைக் காட்டும்படி கேட்டேன். மேட்ரன் அம்மா ஒளிக்கவில்லை. 38 பிள்ளைகளில் யாருமே இல்லாதவர்கள் ஐந்து பேர். மற்ற எல்லாருக்கும் அம்மாவோ, பாட்டியோ, மாமாவோ இருந்தார்கள்.

இது அந்த ஒரு இல்லத்தின் கதை மட்டும் அல்ல. உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் ஐந்துக்கு நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக 'சேவ் தி சில்ட்ரன்' ஸ்தாபனம் 2009-ல் எழுதியது. ருமேனியாவில் 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அரசாங்க இல்லங்களில் இருந்தார்கள். அங்கே புக்காரெஸ்ட் நகரத்தில் 2000-ம் வருஷத்தில் 136 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்து ஆராய்ந்தார்கள். குடும்பத்துக்குள் போன குழந்தைகள், முக்கியமாக இரண்டு வயசுக்கு முன்னே போனவர்கள், அறிவிலும் அன்பிலும் நன்றாய்த் தேறினார்கள். அந்நியரைக் கண்டவுடன் ஓடிவந்து ஒட்டிக்கொள்வது இல்லங்களில் வளர்கிற பிள்ளைகளிடம் அதிகம் என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். என் சுண்டு விரலைப் பிடித்த அன்பு எனக்குக் கிடைத்த தனி ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு அது பசி.

நாங்கள் புறப்பட்ட நாளில் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். மேட்ரன் அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்கள். "மறுபடியும் வருவேன்" என்று நானும் சொன்னேன். பன்னிரண்டு வயசுப் பெண் பிள்ளை ஒருத்தி மட்டும் 'பை' சொல்ல வராமல் தூரத்தில் நின்றாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அங்கிள்" என்றாள். விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

4. வேதம் என்ன போதிக்கிறது?

பிரியமானவர்களே, யாக்கோபு 1:27-ஐ அநாதை இல்ல ஊழியத்துக்கு ஆதாரமாக நாம் எடுத்துப் பேசுகிறோம். அதை நிதானமாகப் பாருங்கள். அங்கே திக்கற்ற பிள்ளையும் விதவையும் ஒரே மூச்சில் வருகிறார்கள். யாத்திராகமம் 22:22, உபாகமம் 24:19-21, சங்கீதம் 68:5, எல்லா இடத்திலும் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். ஏன்? பெரும்பாலும் அவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள். தேவன் சேர்த்து வைத்ததை நாம் பிரித்து, பிள்ளைக்கு ஒரு ஊழியம், விதவைக்கு ஒரு ஊழியம் என்று ஆக்கிவிட்டோம். பிள்ளையின் படத்தைச் சுவரில் மாட்டினோம். கேட்டுக்கு வெளியே பலாப்பழத்தோடு நின்ற விதவையை மறந்தோம்.

அ) மோசேயின் தாய் (யாத். 2:7-9). பார்வோன் குமாரத்திக்குப் பணம் இருந்தது, அரண்மனை இருந்தது. ஆனாலும் தேவன் அந்தக் குழந்தையை முதலில் அவனைப் பெற்றவளின் மடிக்கே திருப்பினார். வளர்ப்பதற்குச் சம்பளமும் அந்தத் தாய் கையில் வந்தது. பாலுண்கிற நாட்களை அவன் சொந்த வீட்டில் கழித்தான்.

ஆ) எலிசாவும் கடன்பட்ட விதவையும் (2 இரா. 4:1-7). கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா நினைத்திருந்தால், பிள்ளைகளைத் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இருந்த கொஞ்சம் எண்ணெயிலிருந்து அற்புதம் ஆரம்பித்தது. பிள்ளைகளே பாத்திரம் எடுத்துக் கொடுத்தார்கள். கடன் தீர்ந்தது, மீதியில் குடும்பம் பிழைத்தது. அன்று ராத்திரி அந்தப் பிள்ளைகள் தங்கள் தாயின் பக்கத்திலேயே படுத்தார்கள்.

இ) நாயீன் ஊர் வாலிபன் (லூக்கா 7:11-17). ஒரு விதவையின் ஒரே மகன். ஆண்டவர் அவனை உயிரோடு எழுப்பினார். உயிர் கொடுத்தவருக்கு அவன்மேல் உரிமை இல்லையா? 'என் பின்னே வா' என்று அவனைக் கூப்பிட்டிருக்கலாம். அவரோ அவனைத் தாயின் கையில் ஒப்புக்கொடுத்தார். அதைக் கண்ட ஜனங்கள், தேவன் தம்முடைய ஜனத்தைச் சந்தித்தார் என்று சொன்னார்கள். அங்கே 'சந்தித்தார்' என்பதற்கு மூல பாஷையில் வருகிற 'எபிஸ்கெப்டோமாய்' என்ற வார்த்தைதான் யாக்கோபு 1:27-லும் வருகிறது. போய்ப் பார்த்துப் படம் பிடித்துவிட்டு வருவது அதன் பொருள் அல்ல. பொறுப்பெடுத்துக் கவனிப்பது. நாயீனில் அந்தக் கவனிப்பு எப்படி முடிந்தது? பிள்ளை தாயின் வீட்டுக்குப் போனதில் முடிந்தது.

இதனால் இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஐந்து பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு வீடு வேண்டும், வருஷக்கணக்காய் மாறாத ஒரு முகம் வேண்டும். நம்ம ஜில்லாவுக்குத் தெரிந்த உதாரணம் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார்கள். 1951-ல் டோனாவூரிலேயே மரிக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகள் அவர்களை 'அம்மா' என்று கூப்பிட்டார்கள், அம்மாவாகவே இருந்தார்கள். நான் 19 நாளுக்கு 'டாட்டா' ஆனேன். இரண்டும் ஒன்றா?

5. என் அறிக்கை

படத்தைக் காட்டின அந்த ஞாயிறு, "இவன் ஒரு அநாதைப் பிள்ளை" என்று சொன்னேன். பாட்டியைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் ஜனங்கள் மனம் இளகும் என்று நினைத்தேன். அது பொய். சபைக்கு முன்பாக என்னை மன்னிக்கும்படி கேட்கிறேன்.

அன்றைக்கு நம் சபையில் ஒரு சகோதரி அழுதுகொண்டே காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டார்கள். நானும் என் மனைவியும் பிற்பாடு அவர்கள் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, கம்மலைத் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் சொன்னார்கள்:

"பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் போனப்போ ரெண்டு புள்ளைங்களயும் ஹாஸ்டல்ல சேத்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. மாசம் பத்துக் கிலோ அரிசி தர்றேன், புள்ளைங்கள நீயே வெச்சுக்கோன்னு ஒருத்தரும் சொல்லல. நான் எப்படி வளத்தேன்னு எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். இந்தக் கம்மல் அந்தப் பாட்டிக்குப் போகட்டும்."

அந்த வீட்டுத் திண்ணையில் எனக்குக் கிடைத்த பிரசங்கம் இது. பதினோரு வருஷமாக அந்தச் சகோதரிக்கு நான்தான் பாஸ்டர்.

6. நாம் செய்யவேண்டியது என்ன?

சபை மூப்பர்களோடு உட்கார்ந்து ஜெபித்துத் தீர்மானித்ததைச் சொல்கிறேன். அடுத்ததாக வாலிபர்கள் பன்னிரண்டு பேரை அனுப்புவதாக இருந்த பயணத்தை நிறுத்திவிட்டோம். வாலிபத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு வருத்தம்தான், தெரியும். ஆனால் ஒரு ஆளின் விமான டிக்கெட் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வருஷம் முழுவதும் சீருடை, நோட்டு, மத்தியானச் சாப்பாடு கொடுக்கலாம் என்று மேட்ரன் அம்மா கணக்கு எழுதி அனுப்பினார்கள். படித்துவிட்டு வெட்கப்பட்டோம். அந்தப் பணம் இனி இரண்டு வழியில் போகும். யாரும் இல்லாத ஐந்து பிள்ளைகளோடு நிரந்தரமாக இருக்கும்படி ஆன்ட்டிகளின் சம்பளத்துக்கு ஒரு பங்கு. வீட்டார் இருக்கிற பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே செலவு செய்ய ஒரு பங்கு. யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை அந்த ஜில்லாவின் சமூகநல அதிகாரியும் மேட்ரன் அம்மாவும் விசாரித்து முடிவு செய்வார்கள், நாம் அல்ல. தொழில் தெரிந்தவர்கள் தேவைப்பட்டால், அங்குள்ளவர்கள் கேட்டால் மட்டும், ஒருவர் இருவர் போவார்கள். பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படம் எடுக்க இனி ஒருவரும் போகமாட்டோம்.

அந்தச் சின்ன மகன் அந்த டிசம்பர் விடுமுறைக்கு முதல்முறையாகப் பாட்டி வீட்டில் ஒரு மாதம் தங்கினான். தாயும் கிறிஸ்துமஸுக்கு வந்து அவனோடு இருந்தாளாம். பாட்டியோடு படம் எடுத்து அனுப்புகிறேன் என்று மேட்ரன் அம்மா எழுதினார்கள். வேண்டாம், பாட்டி சுகமாக இருந்தால் போதும் என்று பதில் போட்டேன். அவன் பாட்டியோடேயே தங்கும்படி வழி திறக்க ஜெபியுங்கள்.

கடைசியாக ஒன்று. உகாண்டா தூரம். உங்கள் தெருவில் புருஷனை இழந்து பிள்ளைகளோடு நிற்கிற வீடு எது? அங்கே ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது யார் போய் எட்டிப் பார்க்கிறார்கள்?

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. வேதத்தில் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சேர்ந்து வருகிற மூன்று இடங்களைத் தேடி வாசியுங்கள்.

2. எலிசா கேட்ட கேள்வியை இன்று ஒரு விதவையின் வீட்டில் நாம் எப்படிக் கேட்பது? அவளைக் கூசவைக்காமல் எப்படி உதவுவது?

3. நிறைவேற்ற முடியாத வாக்கை நாம் எந்தப் பிள்ளைக்காவது கொடுத்திருக்கிறோமா?

4. நம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வாரம் யார் 'ஜெபலேகோ' சொல்லப்போகிறோம்?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, பிள்ளைகளின் படத்தைக் காட்டி எங்கள் பெயரை உயர்த்தினதை மன்னியும். கேட்டுக்கு வெளியே நிற்கிற தாய்மாரைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். யாருமில்லாத பிள்ளைகளுக்கு மாறாத முகங்களைத் தாரும். எங்கள் தெருவிலிருந்தே நாங்கள் ஆரம்பிக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. அல்லேலூயா!